நஞ்சை நடுவே வீட்டுமனை: பஞ்சாயத்தாரும் நிலச்சுவான்தாரும் கவனிக்க வேண்டியவை

நமது ராஜ்யத்தின் பல பாகங்களிலும், சிறப்பாகப் பெரிய ரஸ்தாக்களை அடுத்த கிராமங்களில், நெல் விளைந்து வந்த வயல்களில் மண் கொட்டி மேடாக்கிக் கல் நட்டு, வீட்டுமனைகளாகப் பிரித்து விற்பது மிகுதியாக நடைபெற்று வருகிறது. இத்தகைய யோசனை ஒன்று கிராமத்துக்கு வந்தவுடன் சாவடியிலும் டீக்கடையிலும் பேசப்படுவன பெரும்பாலும் மூன்று விஷயங்களே. சென்ட் என்ன விலை போகும், பஞ்சாயத்துக்கு வரும்படி எவ்வளவு, வந்து குடியேறப் போகிறவர்கள் யார் என்பனவே அவை. விற்கப்படாமல் எஞ்சி நிற்கும் பக்கத்து நிலங்களின் கதி யாது என்பதை விசாரிப்பவர் அரியர். ஆனால் மனைப்பிரிவினால் விளையும் நஷ்டத்தின் பெரும்பகுதி அந்தப் பக்கத்து நிலங்களையே சேருகிறது. விற்றவர் பணம் பெற்றுக்கொண்டார். வாங்கியவர் மனை பெற்றுக்கொண்டார். ஒன்றும் பெறாமல் ஜலமும் வடிகாலும் இழந்து நிற்பவர் மேல்மடைக்காரரும் கீழ்மடைக்காரருமே.

கிராமங்களில் வீடு கட்ட இடம் வேண்டும் என்பதில் ஆட்சேபணை இல்லை. பழைய நத்தங்கள் நிறைந்துவிட்டன. ஒரு தகப்பனாருக்கு இருந்த வீட்டில் இன்று மூன்று குடும்பங்கள் நெருங்கி வசிப்பதை எங்கும் காண்கிறோம். வயதான காலத்தில் சாகுபடிக்கு ஆள் அகப்படாமல், அல்லது பெண்ணின் கலியாணத்துக்கென்று, நிலத்தை விற்பவரைக் குறை சொல்லவும் இடமில்லை. எந்த இடத்தில், எந்த மட்டத்தில், எந்த வாய்க்காலை எவ்விதம் காப்பாற்றிக்கொண்டு மனை பிரிக்கலாம் என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படும் விஷயம். இதைக் கல் நடுவதற்கு முன் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். கல் நட்டபின் தீர்மானிக்க ஒன்றும் இராது.

ஜலம் செல்லும் வழி

ஏரிப் பாசனமாயினும் ஆற்றுப் பாசனமாயினும், மதகிலிருந்து புறப்படும் பெரிய வாய்க்காலும் அதன் கிளைகளும் சர்க்கார் புறம்போக்கில் ஓடுகின்றன. அவற்றுக்குத் தனி ஸர்வே நம்பரும் குறித்த அகலமும் உண்டு. அதற்கப்பால் வயலுக்கு ஜலம் கொண்டுபோகும் சிறு கால்களோ பெரும்பாலும் பட்டா நிலத்தின் ஓரமாக, ஒருவர் வரப்பை ஒட்டி மற்றொருவர் அனுபவித்து வருவன. பல ஆயக்கட்டுகளில் அதுவும் இல்லை; மேல் வயலில் நிரம்பிய ஜலம் வரப்பிலுள்ள மடையின் வழியாக அடுத்த வயலுக்கும், அதிலிருந்து அதற்கடுத்ததற்குமாக இறங்கிச் செல்லும். இந்த ஏற்பாடு எந்தப் பத்திரத்திலும் எழுதப்பட்டதன்று. பாட்டன் காலத்திலிருந்து ஒருவர்க்கொருவர் விட்டுக்கொடுத்து நடந்துவரும் வழக்கம். நீர்க்கட்டி என்றும் நீராணிக்காரர் என்றும் ஊருக்கு ஊர் வெவ்வேறாக வழங்கும் அந்த ஆளின் மனத்திலன்றி வேறெங்கும் இதற்கு வரைபடம் கிடையாது.

இவ்விதமான ஆயக்கட்டின் மத்தியில் 5 ஏக்கர் நிலம் மனையாகிறது என்று வைத்துக்கொள்வோம். முதற் காரியமாக ரஸ்தா மட்டத்துக்கு, சில இடங்களில் அதற்கும் மேலாக, கிராவல் கொட்டப்படுகிறது. அந்த 5 ஏக்கரின் வழியே கீழே சென்றுகொண்டிருந்த ஜலம் அன்றோடு நின்றது. கீழ்மடைக்காரர் சுற்றுவழியாக வேறு கால் வெட்ட வேண்டுமானால் இன்னொருவர் நிலத்தைக் கேட்க வேண்டும். கேட்டால் கிடைப்பது துர்லபம். இந்த நஷ்டம் கண்ணுக்கு எளிதில் தெரிவது. ஆகையால் இதைப்பற்றிச் சண்டையும் உடனே எழும்.

மேல்மடைக்காரரின் நஷ்டமோ சட்டென்று தெரியாது. அது மழைக்காலத்தில்தான் வெளிப்படும். நம் ராஜ்யத்தில் வருஷ மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களில் பெய்கிறது. சம்பாப் பயிர் இளம் பயிராக நிற்கும் காலமும் அதுவே. ஒரு நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 5 ஏக்கரில் விழும் ஜலம் சுமார் 20 லட்சம் லிட்டர். 10,000 லிட்டர் கொள்ளும் லாரிகளில் ஏற்றினால் 200 லாரிகள். வயலாக இருந்தபோது வரப்பில் 10 சென்டிமீட்டர் இடமிருந்தால் அவ்வளவையும் அந்த நிலமே தாங்கி நிறுத்தி, மெல்ல மெல்ல வடிகாலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. மேடாக்கி இறுக்கப்பட்ட மனையில் அது நிற்காது. தன் மேல் விழுந்ததையும் பக்கத்து வயலுக்குத் தள்ளிவிட்டு, மேலிருந்து வரும் ஜலத்துக்கும் அணை போல் குறுக்கே நிற்கும். நடவு செய்து பத்து நாள் ஆன பயிர் ஒரு வாரத்துக்கு மேல் முழுகிக் கிடந்தால் சாதாரண ரகங்கள் தப்புவதில்லை. சி.ஆர். 1009 சப்-1 போன்ற ரகங்கள் ஏறக்குறைய இரண்டு வாரம் முழுக்கைத் தாங்கும் என்பது உண்மையே. அந்த ரகத்தைப் போட்டுக்கொள்ளலாமே என்று மனை பிரிப்பவர்கள் யோசனை சொல்வதையும் கேட்டிருக்கிறேன். வெள்ளம் வந்து வடிந்துபோகும் இடத்துக்கு ஏற்ற ரகம் அது. வடிகாலே இல்லாமற்போன வயலில் மார்கழி வரை ஜலம் தேங்கி நின்றால் எந்த ரகத்தாலும் பிரயோஜனம் இல்லை.

இன்னும் சில தொந்தரவுகளும் உண்டு. விற்ற மனைகளில் உடனே வீடு எழுவது அபூர்வம். வாங்கியவர் வெளியூரில் இருப்பார். மனை பல வருஷம் வெறுமையாகக் கிடக்கும். அதில் சீமைக்கருவேலும் கோரையும் மண்டி எலிகளுக்குப் புகலிடமாகும். பக்கத்து வயலில் எவ்வளவு வரப்பு வெட்டிப் பொந்து அழித்தாலும் எலி அங்கிருந்து திரும்ப வந்துகொண்டே இருக்கும். வீடுகள் எழுந்தபின் கக்கூஸ் ஜலமும் சாக்கடையும் மிகச் சமீபமான பள்ளத்தை, அதாவது பாசனக் காலை, தேடிச் செல்லும். நஞ்சையில் நிலத்தடி ஜலம் மழைக்காலத்தில் இரண்டு மூன்று அடிக்குள்ளேயே நிற்பதால், உறிஞ்சு குழிகள் வேலை செய்யாமல் வழிந்துவிடும். சாக்கடை பாய்ந்த வயலில் தழைச்சத்து மிகுந்து பயிர் கரும்பச்சையாகச் செழித்து நிற்கும். பார்ப்பதற்கு அழகு, ஆனால் குலைநோய்க்கும் புகையானுக்கும் அது விருந்து. கதிர் வந்ததும் சாய்ந்துவிடும். மேலும், மனைகளுக்கு நடுவில் அகப்பட்டுக்கொண்ட ஒன்றரை ஏக்கர் நிலத்துக்கு அறுவடை மிஷின் போக வழி இராது. அவ்விதம் அகப்பட்டவர் இரண்டொரு வருஷத்தில் தாமும் விற்றுவிடுகிறார். மனைப்பிரிவு ஆயக்கட்டில் பரவும் விதம் இதுதான்.

சட்டம் என்ன சொல்லுகிறது

1971ஆம் வருஷத்துத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி, திட்டப் பகுதிக்குட்பட்ட கிராமங்களில் மனை பிரிக்க நகர் ஊரமைப்பு இலாகாவின் அனுமதி அவசியம். திட்டப் பகுதிக்குப் புறம்பான கிராமங்களுக்கும் பின்னர் அச்சட்டத்தில் 47-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி, விவசாய நிலத்தை வேறு காரியத்துக்கு மாற்ற உள்ளூர் மன்றத்தின் நிர்வாக அதிகாரி அனுமதி கொடுக்க வேண்டும். அதற்கு முன்பாக நகர் ஊரமைப்பு இயக்குநரின் இசைவு பெறப்பட்டிருக்க வேண்டும். இதற்குரிய விதிகள் 2017இல் வெளியாயின. கலெக்டரின் அபிப்பிராயமும் விவசாய இலாகாவின் அபிப்பிராயமும் இவ்விஷயத்தில் கேட்கப்படுகின்றன. கிராமப் பஞ்சாயத்தில் நிர்வாக அதிகாரி என்பவர் பஞ்சாயத்துத் தலைவரே. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காலத்தில் தனி அலுவலர் அந்த ஸ்தானத்தில் இருப்பார்.

இந்த முறை இருந்தும், "பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற ஒரு வார்த்தையை நம்பி ஏராளமானவர்கள் மனை வாங்கி ஏமாந்தது யாவரும் அறிந்ததே. நகர் ஊரமைப்பு இலாகாவின் தொழில்நுட்ப இசைவு இல்லாமல் பஞ்சாயத்து மட்டும் கொடுத்த அனுமதிக்கு மதிப்பு இல்லை. 2016 செப்டம்பர் 9ஆம் தேதி சென்னை ஹைக்கோர்ட்டு அனுமதியில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாதென்று தடை விதித்தபோதுதான் இந்த உண்மை பலருக்குத் தெரியவந்தது. பத்திரப்பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு அதே வருஷம் அக்டோபர் 20ஆம் தேதி அமலுக்கு வந்தது. பிறகு 2017 மே மாதத்தில் வரன்முறை விதிகள் பிறப்பிக்கப்பட்டு, அந்த அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் உண்டான மனைப்பிரிவுகளைக் கட்டணம் செலுத்திச் சரிசெய்துகொள்ள வழி ஏற்பட்டது. மனை வாங்கிய ஏழை எளியவர்களுக்கு இது நிவாரணமே. ஆயினும் கட்டணம் கட்டியதனால் பத்திரம் சீரானதேயன்றி, தூர்ந்துபோன கால் ஒன்றும் திரும்ப வரவில்லை என்பதைக் கீழ்மடைக்காரர் அறிவார்.

காவேரி டெல்டாவிலுள்ள குடியானவர்களிடையே ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. 2020ஆம் வருஷத்துப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்துவிட்டதால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஜில்லாக்களிலும், கடலூர், புதுக்கோட்டை ஜில்லாக்களின் சில வட்டாரங்களிலும் வயலில் வீட்டுமனை போட முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அச்சட்டம் தடுப்பது எண்ணெய், இயற்கை வாயு எடுத்தல், துத்தநாகம், தாமிரம், அலுமினியம் உருக்கும் ஆலைகள், இரும்புத் தாது ஆலைகள், தோல் பதனிடுதல், கப்பல் உடைத்தல் முதலான தொழில்களை. வீட்டுமனை அந்த அட்டவணையில் இல்லை. ஆகவே டெல்டாவில் உள்ளவர்களும் மற்ற ஜில்லாக்காரர்களைப் போலவே மேற்சொன்ன நகர் ஊரமைப்புச் சட்டத்தைத்தான் நம்பியிருக்க வேண்டும்.

அவ்வாறே, ஏரிகளைக் காக்க 2007ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று உண்டு. கிராமப் பொது நிலங்களையும் குளங்களையும் ஆக்கிரமித்தவர்களை வெளியேற்ற வேண்டும் என்று 2011இல் சுப்ரீம் கோர்ட்டு சொன்ன தீர்ப்பும் உண்டு. இவை காப்பாற்றுவது ஏரியையும் புறம்போக்கையும். நாம் மேலே சொன்ன, பட்டா நிலத்தின் ஊடே ஓடும் சிறு கால்களுக்கு இவற்றால் நேரான காப்பு கிடையாது. அதனால்தான் பஞ்சாயத்திலும் கிராமசபையிலும் சொல்லும் சொல் முக்கியமாகிறது; வேறு எந்த ஆபீசிலும் அந்தக் கால்களைப் பற்றித் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

கிராமக் கணக்குகளும் அவை சொல்லாதவையும்

மனை பிரிக்கும் விண்ணப்பத்துடன் சிட்டா, அ-பதிவேட்டின் நகல், அடங்கல், புலப்படம் ஆகியவை வருகின்றன. இவற்றைப் படிப்பதில் கிராம நிர்வாக அலுவலர் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருத்தல் நலம்.

அ-பதிவேட்டில் நிலம் புஞ்சை என்று இருந்தால், அது விளையாத நிலம் என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். நஞ்சை, புஞ்சை என்ற பாகுபாடு தீர்வைக்காகச் சர்க்கார் பாசனத்தை வைத்துச் செய்யப்பட்டது. கோயமுத்தூர், ஈரோடு பக்கங்களில் கிணற்றுப் பாசனத்தில் மஞ்சளும் கரும்பும் வாழையும் விளையும் முதல்தரத் தோட்டங்கள் கணக்கில் புஞ்சையே. மறுபுறம், மதகு தூர்ந்து இருபது வருஷமாக ஜலம் காணாத நிலம் கணக்கில் இன்றும் நஞ்சையாகவே இருக்கும். ஆகவே பெயரைப் பார்த்து அபிப்பிராயம் எழுதாமல், நிலத்தைப் பார்த்து எழுத வேண்டும்.

அடங்கலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. விற்க உத்தேசித்தவர் இரண்டு மூன்று பசலி நிலத்தைப் போட்டுவிடுவார். அடங்கலில் தரிசு, தரிசு, தரிசு என்று வரிசையாக விழும். பிறகு அந்த அடங்கலே, "இந்நிலம் சாகுபடிக்கு உதவாதது" என்பதற்குச் சாட்சியாக வந்து நிற்கும். தரிசு என்பது பயிரில்லை என்பதைச் சொல்லுமேயன்றி, ஏன் பயிரில்லை என்பதைச் சொல்லாது. ஜலம் இல்லாமையாலா, ஆள் இல்லாமையாலா, விலைக்குக் காத்திருப்பதாலா என்று பக்கத்து நிலத்தின் அடங்கலோடு ஒத்துப் பார்த்தால் விளங்கிவிடும். நாலாபுறமும் சம்பா நிற்க நடுவில் ஒன்று மட்டும் தரிசாயிருந்தால், அதன் காரணம் மண்ணில் இல்லை. அபிப்பிராயம் எழுதும் உத்தியோகஸ்தர் ஐந்து பசலிக்கு முந்திய அடங்கலையும் எடுத்துப் பார்த்து, சுற்றிலுமுள்ள நிலங்களின் சாகுபடியையும் ஒரு வரி எழுதிவிடுவது நியாயம்.

புலப்படத்தில் சர்க்கார் வாய்க்கால் அகலத்துடன் காட்டப்பட்டிருக்கும். பட்டா நிலத்தின் வழியே போகும் காலுக்குத் தனி நம்பர் இராது. பல படங்களில் கோடும் இராது. படத்தில் இல்லாதது நிலத்திலும் இல்லை என்று நகரத்து ஆபீசில் இருப்பவர் எண்ணுவது சகஜம், அவர்மேல் குற்றமில்லை. படத்தில் இல்லாததைச் சொல்ல வேண்டிய பொறுப்பு கிராமத்தாருடையது.

இவ்விஷயத்தில் 1882ஆம் வருஷத்து இந்திய அனுபோக உரிமைச் சட்டம் குடியானவருக்குத் துணை நிற்கிறது. அடுத்தவர் பட்டா நிலத்தின் வழியாக ஒருவர் 20 வருஷம் இடைவிடாமல், வெளிப்படையாக, தமக்குரிய பாத்தியதையாகவே எண்ணி ஜலம் கொண்டுபோயிருந்தால், அது அவருக்கு உரிமையாகிவிடும். சர்க்கார் நிலமானால் 30 வருஷம். ஒவ்வொரு போகத்துக்கும் போய்க் கேட்டு அனுமதி வாங்கி ஜலம் விட்டுக்கொண்டிருந்தால் இந்த உரிமை உண்டாகாது. கவனிக்க வேண்டிய மற்றொரு நிபந்தனையும் உண்டு. அந்த 20 வருஷம், வழக்குத் தொடரும் நாளுக்கு முந்திய இரண்டு வருஷத்துக்குள் முடிவதாயிருக்க வேண்டும். அதாவது, காலைத் தூர்த்தபின் "பார்க்கலாம், பேசிக்கொள்ளலாம்" என்று மூன்று வருஷம் பொறுத்திருந்து கோர்ட்டுக்குப் போனால் இந்தப் பிரிவின்படி உரிமை ஸ்தாபிப்பது கஷ்டம். நம்மவர்களுக்குப் பொறுமை அதிகம். இந்த ஒரு விஷயத்தில் அது உதவாது.

எப்போது பார்ப்பது, எப்படி எழுதுவது

நிலத்தைத் தணிக்கை செய்ய வருகிறவர்கள் பெரும்பாலும் சித்திரை வைகாசியில் வருகிறார்கள். அப்போது ரஸ்தா உலர்ந்திருக்கும், ஜீப் வயலோரம் வரை போகும். காலும் மடையும் அப்போது வெறும் பள்ளமாகத் தோன்றும். எது ஜலம் ஓடும் பள்ளம், எது மாடு நடந்த தடம் என்று தெரியாது. ஐப்பசி கார்த்திகையில் ஒரு நாள் மழை பெய்த மறுகாலை நடந்து பார்த்தால் அரைமணியில் எல்லாம் விளங்கிவிடும். கிராமசபை வருஷத்தில் ஆறு தடவை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றுள் நவம்பர் 1ஆம் தேதிக் கூட்டம் இந்தக் காரியத்துக்கு மிகவும் ஏற்றது. கூட்டம் முடிந்தவுடன் உறுப்பினர்களும் நீர்க்கட்டியும் சேர்ந்து அந்த இடத்துக்கே போய்ப் பார்த்துவிடலாம்.

பல கிராமசபைத் தீர்மானங்களை நான் படித்திருக்கிறேன். "எங்கள் கிராமத்தின் பசுமையையும் விவசாயத்தையும் அழிக்கும் இந்த மனைப்பிரிவை வன்மையாக எதிர்க்கிறோம்" என்று எழுதி முப்பது பேர் கையெழுத்திட்டு அனுப்புகிறார்கள். இதைப் படிக்கும் அதிகாரி இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய இயலும்? எதிர்ப்பு உண்டு என்பது தெரிகிறது. எதைத் திருத்தச் சொல்லலாம் என்பது தெரியவில்லை. விண்ணப்பத்தில் குறை எதுவும் இல்லையென்று கண்டு அனுமதிக்கவே செய்வார். அதற்குப் பதிலாக இவ்விதம் எழுதப்பட்டால் அதன் பலமே வேறு: "மேற்படி ஸர்வே நம்பரின் வடபுறம் கிழக்கு மேற்காக 3 அடி அகலமும் 2 அடி ஆழமும் உள்ள பாசனக் கால் ஓடுகிறது. இது புலப்படத்தில் காட்டப்படவில்லை. இதனால் கீழ்க்கண்ட நம்பர்களில் இத்தனை ஏக்கர் நஞ்சை பாய்கிறது. தென்கிழக்கு மூலையிலுள்ள மடையின் வழியாக மேல்புறத்து நிலங்களின் வடிகால் ஜலம் இறங்குகிறது. இவ்விரண்டையும் இதே அகலத்தில், இதே மட்டத்தில், திறந்தபடி விட வேண்டும்." நம்பர்களையும் விஸ்தீரணத்தையும் நிலக்காரர்களின் பெயர்களையும் கீழே எழுதி, கைப்பட ஒரு படமும் போட்டு, நகலை நகர் ஊரமைப்பு ஜில்லா ஆபீசுக்கும் கலெக்டருக்கும் நீர்வளத் துறைக்கும் விவசாய ஆபீசுக்கும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்ப வேண்டும். அளவோடு எழுதப்பட்ட ஆட்சேபணைக்குப் பதில் எழுதாமல் ஒரு ஆபீஸ் தப்பித்துக்கொள்வது அவ்வளவு எளிதன்று.

அனுமதி கொடுக்கத் தகுந்த இடம் என்று கண்டால், நிபந்தனைகளை முன்னதாகவே கேட்டுக்கொள்ள வேண்டும். இதில் பெரும்பாலும் ஏமாற்றம் நேர்வது குழாய் விஷயத்தில். "கால் அப்படியே இருக்கும், பாதைக்கு அடியில் மட்டும் ஹியூம் குழாய் போட்டு விடுகிறோம்" என்று வாக்குக் கொடுப்பார்கள். மேலே சொன்ன 3 அடி அகலமும் 2 அடி ஆழமும் உள்ள காலின் குறுக்களவு 6 சதுர அடி. ஓர் அடி விட்டமுள்ள குழாயின் குறுக்களவு முக்கால் சதுர அடிக்குச் சற்றே அதிகம். எட்டில் ஒரு பாகம் ஜலம்கூட அதில் நேரே போகாது; முதல் வெள்ளத்தில் வைக்கோலும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக்கொண்டால் அதுவும் இல்லை. இரண்டடிக் குழாயும் பாதியளவே. ஆகையால் குழாயை ஒப்புக்கொள்ளாமல், காலின் முழு அகலத்துக்குப் பலகைக்கல் அல்லது கான்கிரீட் மூடிய சிறு பாலமே கேட்க வேண்டும். அதன் தரை மட்டம் காலின் தரை மட்டமாகவே இருக்க வேண்டும். நான் பார்த்த சில இடங்களில், பாலத்தின் தரை காலின் தரையைவிட முக்காலடி உயர்ந்திருந்தது. கட்டினவர் ரஸ்தாவிலிருந்து கீழே அளந்தாரேயன்றி, காலிலிருந்து மேலே அளக்கவில்லை.

மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய 74 சென்ட்டுக்கு மேற்பட்டதானால், பாதைகள் போக எஞ்சியதில் 10 சதவீதம் திறந்த வெளியாக விடப்பட வேண்டும் என்பது விதி. 10,000 சதுர மீட்டர் வரையுள்ளவற்றில் நிலத்துக்குப் பதிலாகப் பணம் செலுத்த வழியுண்டு. அதற்கு மேற்பட்டால் நிலமாகவே விட வேண்டும். பாதைகளும் திறந்த வெளியும் தானப் பத்திரத்தின் மூலம் பஞ்சாயத்துக்கு வந்து சேரும். நமது உதாரணத்தில் 5 ஏக்கரில் ஒன்றரை ஏக்கர் பாதைக்குப் போனால் 35 சென்ட் திறந்த வெளி கிடைக்கும். இந்த 35 சென்ட் எங்கே அமைகிறது என்பதில் பஞ்சாயத்தார் அக்கறை காட்டுவதில்லை. எங்கேயோ ஒரு கோணல் மூலையில் பூங்கா என்று எழுதிப் படத்தில் பச்சை பூசியிருக்கும். வடிகால் இறங்கும் பள்ளத்தை ஒட்டி, மண் கொட்டாமல், அதை அமைக்கச் சொன்னால் மழைக்கு ஜலம் நிற்க ஒரு தாங்கலாகவும், கோடையில் பிள்ளைகள் விளையாடும் இடமாகவும் இரண்டுக்கும் உதவும். பாசனக் காலையும் அதன் கரையில் ஆள் நடக்கும் அளவு இடத்தையும் அதே தானப் பத்திரத்தில் சேர்த்து எழுதி வாங்கிவிட்டால், பிற்காலத்தில் மனைக்காரர் காம்பவுண்டுச் சுவரை அதன்மேல் ஏற்ற முடியாது.

நீர்வளத் துறையிடமிருந்து வெள்ள அபாயம் பற்றிய சான்று பெறுவதும் வழக்கம். அந்தச் சான்று மனைக்கு வெள்ளம் வருமா என்பதைப் பார்க்கிறது. மனையினால் பக்கத்து வயலுக்கு வெள்ளம் வருமா என்பது வேறு கேள்வி. அதைக் கிராமத்தார்தான் எழுப்ப வேண்டும்.

எந்த இடத்தில் மனை பிரிக்கலாம் என்று கேட்டால், நத்தத்தை ஒட்டிய மேட்டுப் புஞ்சை, பாறை அல்லது சரளை தட்டுகின்ற கரடு, ஆயக்கட்டின் கடைசியில் மதகு ஜலம் எட்டாமற்போன மேடு ஆகியவை பெரும்பாலான கிராமங்களில் உண்டு. அஸ்திவாரத்துக்கும் அவை உறுதி. களிமண் நஞ்சையில் கட்டிய சுவர் கோடையில் வெடிப்பதை யார் பார்க்கவில்லை? ஆனால் அந்த இடங்கள் ரஸ்தாவிலிருந்து விலகியிருப்பதால் மனை வியாபாரிக்கு விருப்பமிராது. பஞ்சாயத்து தன் பாதையை அந்தப் பக்கம் சீர்செய்து வைத்தால் விருப்பம் தானாக வரும். வரும்படியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

கடைசியாக, நிலத்தில் ஒரு பகுதியை மட்டும் விற்கும் நிலச்சுவான்தார்களுக்கு. ரஸ்தா ஓரத்திலுள்ள இரண்டு ஏக்கரைக் கொடுத்துவிட்டு உட்புறமுள்ள மூன்று ஏக்கரைச் சாகுபடிக்கு வைத்துக்கொள்வது சாதாரணமாக நடப்பது. அவர்களில் அநேகர், விற்ற நிலத்தின் வழியாகத்தான் தம் மீதி நிலத்துக்கு ஜலமும் வண்டியும் போகின்றன என்பதைப் பத்திரத்தில் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். நேற்றுவரை எல்லாம் தம் நிலமாகவே இருந்ததால் அப்படி ஒரு வழி இருந்ததாகவே அவர்களுக்குத் தோன்றுவதில்லை. தம் நிலத்திலேயே தாம் நடந்த 20 வருஷம் அனுபோகமாகக் கணக்கில் வராது. ஆகையால் கிரயப் பத்திரத்திலேயே, பாசனக் கால் இத்தனை அடி அகலம், வடிகால் இன்ன மூலையில், அறுவடை மிஷின் செல்லும் பாதை இத்தனை அடி அகலம், இவற்றை எனக்கும் எனக்குப் பின் வருபவர்களுக்கும் ஒதுக்கிக்கொண்டு விற்கிறேன் என்று நான்கெல்லையுடன் எழுதி, படத்தையும் இணைக்க வேண்டும். தரகரிடம் பொது அதிகாரப் பத்திரம் கொடுத்து விற்பவர்கள் இந்த ஷரத்தை அந்த அதிகாரப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். பிறகு தரகர் எழுதும் நாற்பது ஐம்பது மனைப் பத்திரங்களிலும் அதைச் சேர்க்கச் சொல்லி ஒவ்வொன்றாகத் துரத்திக்கொண்டிருக்க முடியாது. முன்பணம் வாங்குவதற்கு முந்தின நாள் நீர்க்கட்டியை அழைத்துக்கொண்டு ஒரு தடவை நிலத்தைச் சுற்றி நடந்து, கால்களையும் மடைகளையும் கயிற்றால் அளந்து எழுதிக்கொண்டால் இதற்கு வேண்டிய விவரம் முழுவதும் கிடைத்துவிடும்.